விலாசப் பெட்டி

சிப்பிமுனை ஊரில் பொழுது சாய்ந்தால் எல்லோருடைய கால்களும் அவரவர் பிறந்து முதன்முதலாகக் கிடந்த வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது ஐப்பசி மழைக்குக் கொஞ்சம் முந்தி, உப்பளங்களில் வேலை ஓய்ந்து உப்பு அம்பாரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருந்த சமயத்தில். அன்றைக்குக் காலையில் கலங்கரை கேபிள் நெட் ஆபீஸின் பின்னறையில் பிலோமினா ஒரு பொத்தானை அழுத்தினாள், அதற்கப்புறம்தான் இதெல்லாம் என்று ஊருக்கே தெரியும், அவளும் இல்லையென்று சொன்னதில்லை.

அந்தப் பின்னறையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. ஊரில் எந்த வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும், எந்தப் போனைத் தட்டினாலும், அது முதலில் இந்தப் பெட்டியிடம் வந்து என் விலாசம் என்ன என்று கேட்கும். பெட்டி ஆளுக்கொரு விலாசத்தைப் பிரித்துக் கொடுக்கும். அது கிடைத்த பிறகே படமும் பேச்சும் பாட்டும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆபீஸில் அதை விலாசப் பெட்டி என்றே சொல்வார்கள். வருஷக்கணக்காக ஒருவர் மாற்றியதன்மேல் இன்னொருவர் மாற்றி, குடிபோனவர்கள் விலாசத்தை எடுக்காமல் குடிவந்தவர்களுக்கு வேறு விலாசம் கொடுத்து, ஒரே விலாசத்தை இரண்டு வீட்டுக்குக் கொடுத்து, பெட்டி குழம்பிப்போயிருந்தது. பாதி ஊருக்கு நெட் வரவில்லை. முதலாளி ஞானதுரை மதுரையிலிருந்த இன்ஜினீயரைப் போனில் பிடித்துப் பிலோமினாவிடம் கொடுத்தார்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டு ஆரம்பத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டுபோயிருங்க மேடம், வேற வழியில்ல" என்றார் இன்ஜினீயர்.

இதுவரை கொடுத்த விலாசங்கள் எல்லாம் அழிந்துபோகும், எல்லாம் தொடக்கத்தில் இருந்தபடி ஆகிவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. பிலோமினா திரும்பி ஞானதுரையைப் பார்த்தாள்.

"சம்மதம்னு போடு பிள்ள. காலைலருந்து ஊரே என்னைய ஏசுது" என்றார்.

அவள் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்க நெட் வந்துவிட்டது, அதுவரை எப்போதும் வராத வேகத்தில் வந்தது.

பிலோமினாவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. தெற்கே ஒரு ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பிள்ளைகள் இல்லத்தில் வளர்ந்தவள். ஒரு பஸ் கடைசி நிறுத்தத்தில் ஆளிறங்கி ஓய்ந்த பிறகு பின்சீட்டில் துண்டில் சுற்றிக் கிடந்த பிள்ளையைக் கண்டக்டர் எடுத்துக்கொண்டுபோய் அங்கே கொடுத்தார். அந்தப் பஸ் வந்த வழியில் எத்தனையோ ஊர்கள், எந்த ஊரில் யார் ஏற்றிவிட்டார்கள் என்று அவருக்கும் தெரியாது. படித்து முடித்து சிப்பிமுனைக்கு வேலைக்கு வந்தவள் வடக்குத் தெருவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். பகல் முழுக்கப் போனில் பேசுவாள். "பெட்டியில லைட் பச்சையா எரியுதா, செவப்பா எரியுதா? ஒருதடவ அணைச்சுப் போடுங்க" என்பாள். ஊரில் எந்த வீட்டில் எந்த மூலையில் எந்த அலமாரிக்கு மேலே நெட் பெட்டி இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், ஆனால் ஒரு வீட்டிலும் அவள் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

அன்று வெயில் தாழ்ந்ததும் ஞானதுரை ஷட்டரை இழுத்துவிட்டு பைக்கில் ஏறினார், எதிர்த்தாற்போல் இருந்த தன் மாடிவீட்டுக்குப் போகாமல் நேரே பனைவிளைக்குப் போய், ஓடு சரிந்து பூட்டிக்கிடந்த தகப்பனார் வீட்டு வாசலில் இறங்கி நின்றுகொண்டு ஏன் வந்தோம் என்று யோசித்தார். மீன் ஏலக்கூடத்திலிருந்து கிளம்பிய பெண்கள் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பேசிக்கொண்டே வந்து தெருமுக்கில் ஆளுக்கொரு திசையில் பிரிந்தார்கள். வீட்டுக்குள் இருந்தவர்களும் இருக்கவில்லை. அடுப்பில் உலை கொதிக்கக் கொதிக்க, துணி பாதி துவைத்தபடி கிடக்க, மருமகள்கள் எல்லோரும் எழுந்து, யாரிடமும் கோபித்துக்கொள்ளாமல், யாரும் கூப்பிடாமல், தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, பிறந்த வீட்டைப் பார்த்து நடந்தார்கள். அவர்களைத் தடுக்க எழுந்த மாமியார்களும் வாசற்படி தாண்டியதும் தடுக்க வந்ததை மறந்து தங்கள் பிறந்த வீட்டைப் பார்த்து நடந்தார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு விடியும்வரை அந்த வீட்டைவிட்டுக் கால் வெளியே வரவில்லை. விடிந்ததும் கால் அவரவர் சொல்படி கேட்டது.

ஆண்களில் பலர் பிறந்த வீட்டிலேயே வாழ்ந்ததால் இருந்த இடத்தில் இருந்தார்கள். அன்றைக்கு ஊர் முழுக்கத் தோசை கருகும் வாசம் வீசியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கமானதால் மூத்த பிள்ளைகள் அம்மாவோடு போனார்கள், தகப்பன் வீட்டில் பிறந்த இளைய பிள்ளைகள் தகப்பனோடு தங்கினார்கள். இளையதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தவர்கள் உண்டு. தெருமுனை வரைக்கும் பிள்ளை பிள்ளையாக இருக்கும், அதைத் தாண்டினால் உப்பு மூட்டையாகக் கனக்கும், ஒரு அடி எடுத்து வைக்க முடியாது, இறக்கிவிட்டால் அது தவழ்ந்தோ தத்தியோ வீட்டுக்கே திரும்பிவிடும்.

மறுநாள் காலையில் ஆபீஸ் வாசலில் கூட்டம். நெட் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைப் போலத்தான் வந்தார்கள்.

"எம்மா, வீட்டுக்குப் போவோம்னு கெளம்புனா காலு வேற பக்கமா போவுது. ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக்கிடுங்க" என்றார் ஒருவர்.

"இது மாசா மாசம் கட்டுற காசுல சரிபண்ணித் தருவியளா, தனியா கேப்பியளா?" என்றார் இன்னொருவர்.

பிலோமினா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். மதுரை இன்ஜினீயரிடம் கேட்டபோது அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படாமல், "அழிச்சதுக்கப்புறம் வேற வழியில்ல மேடம், ஆள் ஆளா கேட்டு, எந்த ஆளுக்கு எந்த வீடுன்னு நீங்களே திரும்ப எழுதணும்" என்றார். எழுதுகிறேன் என்று அவளும் சொன்னாள்.

எழுதுவதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. பெண்கள் வேலைக்குப் போவதுபோல விடிகாலையில் புருஷன் வீட்டுக்கு வந்து, ஆக்கி இறக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, வெயில் தாழ்ந்ததும் போகிறவர்களாக ஆனார்கள். அவர்களுக்கென்று மினிபஸ்காரர் சாயங்காலம் இரண்டு நடை கூட்டினார். அதற்குத் தாய்வீட்டு வண்டி என்று பெயர் வந்தது. ஊருக்குள்ளேயே கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகள் ஒரே கூரைக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, பெரியவர்கள் அதட்டினாலும் அடங்காமல் சிரித்தார்கள். அண்ணிமார் அவரவர் தாய்வீட்டுக்குப் போய்விட்டதால் அங்கே முகம் சுளிக்க ஆளில்லை. பங்குச்சாமியார் மலையடிவாரத்து ஊர்க்காரர், அவர் மத்தியானத்துக்கு மேல் புறப்பட்டால்தான் இருட்டுவதற்குள் போய்ச் சேர முடியும் என்பதால் சாயங்காலப் பூசை நண்பகலுக்கு மாறியது. திருடர்களும் அவரவர் வீட்டில் அடைந்துகிடந்ததால் களவில்லை. வடக்கேயிருந்து வந்து தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் முதல் நாளே ரயிலேறியவர்கள்தான், தொட்டி பாதியில் நின்றது, அவர்கள் காயப்போட்ட சட்டைகள் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன. காசிராஜன் பிறந்த வீட்டை இடித்து அங்கே பெட்ரோல் பங்க் கட்டியிருந்தார்கள். அவர் தினமும் போய், காற்றடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில், தன் அம்மா அடுப்பு வைத்திருந்த இடத்தில் நின்றார், பங்க் பையன்கள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொசுவத்திச் சுருளும் கொடுத்தார்கள். கயித்தான் பிறந்த வீட்டையோ கடல் கொண்டுபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. முதல் நாள் அவர் இடுப்பளவுத் தண்ணீரில் விடியும்வரை நின்றார். மறுநாள் ஜனங்கள் அவர் நின்ற இடத்திலேயே ஒரு வள்ளத்தை நங்கூரமிட்டு, மேலே ஒரு தார்ப்பாயும் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கப்புறம் அவர் வீட்டில் படுப்பதுபோலவே அதில் படுத்து, அலை புரட்டும்போது மட்டும் செத்துப்போன தம்பியைப் பெயர் சொல்லி அதட்டினார்.

முதல் நாள் சாயங்காலம் பிலோமினாவும் ஆபீஸைவிட்டு இறங்கிச் சந்தி முக்கில் நின்றிருந்தாள். அவளைச் சுற்றி ஊரே நடந்துகொண்டிருந்தது. என்ன நடக்கிறதென்று புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். எங்கேயாவது ஒரு ஊர், ஒரு தெரு, ஒரு வீடு, அது இடிந்து கிடந்தாலும் சரி, பெட்ரோல் பங்க்காக இருந்தாலும் சரி, கடலுக்குள்ளே இருந்தாலும் சரி என்று நினைத்துக்கொண்டு, இழுத்த பக்கம் போவதற்குத் தயாராக இரண்டு காலையும் தளர்த்தி நின்றாள். பிள்ளைகள் இடித்துக்கொண்டு போனார்கள். மணல் குளிர்ந்தது. கடைக்காரர்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்கள். கால் நின்ற இடத்தில் நின்றது. பெட்டிக்கும் தெரியவில்லை என்று புரிந்தபோது அவள் அழவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, ஆளற்ற தெரு வழியே மாடி அறைக்குப் போனாள்.

இப்படியாகப் பொழுது சாய்ந்த பிறகு சிப்பிமுனையில் நினைத்த இடத்துக்கு நடக்க முடிந்தவள் பிலோமினா ஒருத்திதான். அது தெரிந்ததும் ஊர் அவளைத் தேடி வந்தது. "எக்கா, எங்க வீட்டு ஆளுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்துருங்க, அவுகளுக்கு எது எதுன்னு தெரியாது." "பிலோமினா, எம் பய படிக்கானா தூங்குதானான்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாயேன்." அவள் போனாள். ஒரு வீட்டில் மாத்திரை கொடுத்து, ஒரு வீட்டில் கேஸை மூடி, ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சடை பின்னி, எல்லா வீட்டிலும் உட்கார்ந்து, எல்லா வீட்டிலும் சாப்பிட்டுப் போ என்கிற பேச்சைக் கேட்டாள். கருகிய தோசையாக இருந்தாலும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அவளுக்காக ஒரு மணை, ஒரு டம்ளர், ஒரு தலையணை என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒதுங்க ஆரம்பித்தது.

அப்படித்தான், முதல் நாளுக்கு மறுநாளே, ஜெனிற்றா வந்தாள். அவளுடைய புருஷன் கப்பலில் வேலை பார்த்தான், எப்போதாவதுதான் வருவான். வீட்டில் அவளும் மாமியார் சந்தானமேரியும் இரண்டு பிள்ளைகளும். மூத்தவன் தாய்வீட்டில் பிறந்தவன், அவளோடு தோப்பூருக்குப் போய்விடுவான். மாமியார் தன்னுடைய பிறந்த ஊருக்குப் போய்விடுவாள். சின்னவள் ஷைனி, இந்த வீட்டிலேயே பிறந்தவள், இன்னும் பேச்சு வராதவள், தன்னந்தனியாக வீட்டில் கிடந்தாள். முதல் நாள் ஜெனிற்றா பிள்ளையைத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு போய், கனம் தாங்காமல் முழங்கால் தேய விழுந்து, அப்படியும் கால் தோப்பூருக்கே இழுத்துக்கொண்டு போனதால் வழி நெடுக அலறிக்கொண்டே போயிருந்தாள். விடிந்து ஓடிவந்தபோது பிள்ளை வாசற்கதவுக்குப் பின்னால் தரையில் உறங்கிக்கொண்டிருந்தது.

"எக்கா, ஒங்க கால்ல விழுதேன்" என்றாள் ஜெனிற்றா. "ராத்திரி மட்டும் அவகூட இருங்க. நான் விடியும்போது ஓடியாந்துருவேன்."

"கால்ல எல்லாம் எதுக்கு விழுத? நான் இருக்கேன், நீ போ" என்றாள் பிலோமினா.

அதற்குப் பிறகு மாத்திரையும் கேஸும் சடையும் அவசர அவசரமாகப் பார்த்து முடித்து அவள் கடைசியாகப் போய்ச் சேர்கிற வீடு அதுவானது. முதலில் பிள்ளை அவளைக் கண்டு வீறிட்டது. பிறகு தூரத்தில் உட்கார்ந்து பார்த்தது. பிறகு ஒருநாள் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியபடி உறங்கிப்போனது. பிலோமினா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தோள் மரத்துப்போயும் அசையவில்லை. சோற்றைக் குழைத்துப் பருப்பு ஊற்றி உருட்டிக் கொடுக்கவும், வயிற்றை நீவிவிடவும், எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் இருமல் நிற்கும் என்றும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவளுக்குத் தெரிந்தது. வெயில் தாழத் தொடங்கினால் ஆபீஸில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் என்றாலே மாடிப்படி ஏறி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போடுவது என்றிருந்தவள், இப்போது சந்து திரும்பும்போதே பிள்ளை கதவைத் தட்டும் சத்தத்தைக் கேட்டாள்.

அதனால் பெட்டியில் ஒருவருடைய விலாசத்தையும் அவள் எழுதவில்லை. ஞானதுரை கேட்டார்.

"என்ன பிள்ள, ஆரம்பிச்சியா?"

"மதுரையில கேட்டுருக்கேன் அண்ணாச்சி. ஒரு சந்தேகம் இருக்கு" என்றாள்.

அவரும் மறுபடி கேட்கவில்லை. பனைவிளை வீட்டுக் கூரையைச் செப்பனிட ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கபுஷ்பம் என்று ஒருத்தி ஒருநாள் ஆபீஸுக்கு வந்தாள். மீன் வண்டி ஓட்டுகிறவனுடைய பெண்டாட்டி. அவளுடைய நெற்றியில் பழைய தழும்பு ஒன்று உண்டு, அதைப் பார்த்தவர்கள் காரணம் கேட்பதில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எக்கா, திரும்ப மாத்திருவியளா? எல்லாரும் சொல்லுதாவ. மாத்தாண்டாம்க்கா. பொழுதுசாஞ்சா அந்த ஆளு காலு அந்த வீட்டத் தாண்டாது. நான் எங்கம்மா வீட்டுல கெடக்கேன். கதவ ஒருக்களிச்சுப் போட்டுட்டுத் தூங்குதேன்க்கா. கதவ ஒருக்களிச்சுப் போட்டுட்டு."

"ஒடனே மாத்தமாட்டேன்" என்றாள் பிலோமினா. அது தனக்குச் சாதகமான காரணமாக வந்து சேர்ந்ததை நினைத்து அன்று முழுக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மழை தொடங்கிவிட்டது. ஒருநாள் விடிகாலையில் தோப்பூர்ச் சாலையில் தண்ணீர் ஏறி, தாய்வீட்டு வண்டி வர நேரமாகிவிட்டது. ஜெனிற்றா முழங்கால் தண்ணீரில் நடந்து, மூத்தவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, நனைந்து நடுங்கி வாசலில் வந்து நின்றபோது, ஷைனி பிலோமினாவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். ஜெனிற்றா மூத்தவனை இறக்கிவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாட்டி, அம்மாகிட்ட வா."

பிள்ளை அவளைப் பார்த்தது. பிறகு திரும்பி, பிலோமினாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்து, அதுவரை எவரும் அதன் வாயால் கேட்டிராத அந்தச் சொல்லை, அம்மா என்று, தெளிவாகச் சொன்னது.

வாழ்நாளில் தன்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதும், தான் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதும் ஒரே சமயத்தில் பிலோமினாவுக்குத் தோன்றியது. பிள்ளையை இறுக அணைத்துக்கொண்டாள். அணைத்துக்கொண்டபடியே நிமிர்ந்தபோது ஜெனிற்றாவின் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் கோபப்படவில்லை, சிரிக்கப் பார்த்தாள், வாய் கோணிக்கொண்டது.

"பரவால்லக்கா. ராவெல்லாம் நீங்கதான பாக்கிய" என்றாள்.

பிலோமினா பிள்ளையின் கைகளைக் கழுத்திலிருந்து பிரித்து, அது அலற அலற ஜெனிற்றாவின் கையில் கொடுத்துவிட்டு, குடையை மறந்துவிட்டு மழையில் ஆபீஸுக்குப் போனாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் பெயரை எழுதினாள்.

அன்றிலிருந்து ஊரார் வரிசையாக வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "ஒங்க வீடு எது?" சுலபமான கேள்வி என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் வாயைத் திறந்த பிறகு யோசித்தார்கள். சில கிழவிகள் இந்த வயதில் புருஷன் வீட்டைச் சொல்வதா அப்பா வீட்டைச் சொல்வதா என்று சிரித்து, பிறகு சிரிப்பு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புருஷன் வீட்டையே சொல்லிவிட்டுப் போனார்கள். ஞானதுரை பனைவிளை என்று ஆரம்பித்து, எதிரே நின்ற மனைவியைப் பார்த்துவிட்டு மாடிவீட்டைச் சொன்னார். காசிராஜன் மகன் வீட்டைச் சொன்னார். கயித்தான் மட்டும், "வள்ளம் கெட்டியாத்தான் இருக்கு, எனக்கு அங்கனயே இருக்கட்டும்" என்றார். அவள் கடல் என்று எழுதினாள், பெட்டி ஏற்றுக்கொண்டது. தங்கபுஷ்பம் வந்து, அம்மா வீடு என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"யோசிக்க என்னக்கா இருக்கு."

அதையும் அப்படியே எழுதினாள். பின்னால் அவளுடைய புருஷன் வந்து மேசையைத் தட்டிச் சத்தம் போட்டபோது, "அவ சொன்ன வீட்டத்தான் எழுதிருக்கேன், ஒம்ம வீட்டுக்கு ஒம்ம எழுதிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். அங்கே நின்றிருந்த பெண்கள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், அவன் போய்விட்டான்.

எல்லோருடைய பெயரும் எழுதி முடித்துப் பொத்தானை அழுத்தும்வரை பழையபடிதான் நடக்கும் என்பதால், எழுதுகிற நாட்களிலும் சாயங்காலமானால் அவள் ஷைனியிடம் போனாள். ஆனால் பிள்ளை அம்மா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று வைத்துக்கொண்டாள். போனை எடுத்துத் தோப்பூருக்கு வீடியோ கால் போட்டு, ஜெனிற்றாவின் முகத்தைப் பிள்ளைக்கு நேரே பிடித்தாள். "யாரு இது? அம்மா. இங்க பாரு, அம்மா." அந்தப் பக்கத்தில் ஜெனிற்றா பாட்டுப் பாடினாள், சொப்பு காட்டினாள், முகத்தை மூடித் திறந்தாள். நெட் நன்றாக இருந்தது. படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பிள்ளை முதலில் போனைத் தட்டிவிட்டது, பிறகு போனுக்கு முத்தம் கொடுத்தது, பிறகு போனைப் பார்த்ததும் அம்மா என்றது. கை வலித்தாலும் பிலோமினா போனை இறக்காமல், தன் முகம் தெரியாதபடி பின்னால் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். உறங்கிய பிறகு மட்டும் பிள்ளையின் தலைமுடியை மோந்து பார்த்தாள்.

கடைசியாக ஒரு பெயர் மிச்சமிருந்தது. அது அவளுடையது.

அன்று மத்தியானம் ஆபீஸில் வேறு யாரும் இல்லை. தன் பெயருக்கு எதிரே ஜெனிற்றாவின் வீட்டு விலாசத்தை எழுதினாள். தப்பில்லாமல், கதவு எண்ணோடு எழுதினாள். பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. அது யாரையும் ஏன் என்று கேட்கிற பெட்டியில்லை. அழுத்தினால் போதும், அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் கால் தானாக அந்தச் சந்தில் திரும்பும், யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது, கால் இழுத்தது வந்தேன் என்று வாசலில் நிற்கலாம், அவர்களும் உள்ளே விடாமலா இருப்பார்கள். டீக்காரர் வைத்துவிட்டுப் போன டீ ஆடை கட்டியது. பிலோமினா அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழித்த இடத்தில் வடக்குத் தெரு மாடி அறையை எழுதி, அழுத்தினாள்.

அன்று சாயங்காலம் தாய்வீட்டு வண்டி காலியாகப் போனது, தங்கபுஷ்பமும் இன்னும் சிலரும் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். வீடுகளில் விளக்கு எரிந்தது, தாளிக்கிற வாசம் வந்தது. பிலோமினா படியிறங்கியதும் அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே நடக்கத் தொடங்கின. உள்ளங்காலில் யாரோ மெல்லக் கைகொடுத்து இழுப்பதுபோல இருந்தது. இதுதானா அது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஜெனிற்றாவின் சந்து முக்கில் நிற்கப் பார்த்தாள். கால் நிற்கவில்லை. உள்ளே பிள்ளை கெக்கலித்துச் சிரிப்பதும், சந்தானமேரி ஏதோ சொல்லிக்கொண்டு கிண்ணத்தைத் தேடுவதும் காதில் விழுந்து பின்னால் போயின. கால்கள் அவளை வடக்குத் தெருவுக்குக் கொண்டுபோய், மாடிப்படி ஏற்றி, பூட்டுக்கு முன்னால் நிறுத்தின.

சில நாளில் அந்த இழுப்பு எல்லோருக்கும் தளர்ந்து, வெறும் பழக்கமாகிப் போனது. ஊர் அந்த மாதத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. வடக்கேயிருந்து வேறு ஆட்கள் வந்து தொட்டியைக் கட்டி முடித்தார்கள். பிலோமினா மறுபடியும் பச்சையா செவப்பா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைத்தெருவில் பார்க்கிறவர்கள், என்ன பிலோமினா, நல்லாருக்கியா என்றார்கள், அவளும் நல்லாருக்கேன் என்றாள்.

மழையெல்லாம் ஓய்ந்து, உப்பளங்களில் அடுத்த உப்புக்குப் பாத்தி மிதிக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள், பணம் கட்ட வந்த ஜெனிற்றா, "எக்கா, ஞாயித்துக்கெழம மத்தியானம் நீங்க சாப்பிட வரணும், அவுக கப்பல்லருந்து வந்துருக்காவ, கட்டாயம் வரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிலோமினா ஒரு கவுனும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனாள். நாற்காலி போட்டு, மின்விசிறியைச் சுற்றவிட்டு, கூல்ட்ரிங்க்ஸ் கொடுத்தார்கள். ஜெனிற்றாவின் புருஷன் எழுந்து நின்று கும்பிட்டான்.

ஷைனி வளர்ந்திருந்தாள். நன்றாக நடந்தாள். அடுப்படியிலிருந்து ஓடிவந்தவள் நாற்காலியில் புது ஆளைக் கண்டதும் நின்று, அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

"ஏட்டி, யாருன்னு தெரியலயா? பெரியம்மாட்டி! ஒன்னய மடியில போட்டு வளத்தவுகட்டி!" ஜெனிற்றா அவளை முன்னால் இழுத்தாள். பிள்ளை உதட்டைப் பிதுக்கியது.

"விடு, இழுக்காத. அழுதுரும்" என்றாள் பிலோமினா.

மீன் குழம்பு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வையுங்க என்று சந்தானமேரி வற்புறுத்தினாள். பிள்ளை கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதும், பிலோமினா திரும்பினால் மறைவதுமாக இருந்தது. கவுனைப் பிரித்து அளவு பார்த்தார்கள்; சிறிதாக இருந்தது; பரவாயில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆகும் என்று சொல்லவந்த ஜெனிற்றா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

புறப்படும்போது எல்லோரும் வாசல்வரை வந்தார்கள். "பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு" என்று ஜெனிற்றா பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டினாள். இரண்டு தடவை ஆட்டிவிட்ட பிறகு பிள்ளை தானாகவே ஆட்டியது, தெருவில் போகிற பஸ்ஸுக்கும் ஐஸ் வண்டிக்கும் ஆட்டுவதுபோல, நன்றாகச் சிரித்துக்கொண்டு ஆட்டியது. பிலோமினாவும் கையை ஆட்டினாள். சந்து திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள்.

பிறகு செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் கடைகள் எல்லாம் சாத்தியிருந்தன. தெருவில் ஆளில்லை, பொழுது சாய இன்னும் வெகுநேரம் கிடந்தது.